மெரைன் டேங்கில் லயன் ஃபிஷ் சேர்க்கலாமா? புதுச்சேரி, கடலூர் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

கடைத் தொட்டியில் சிவப்பும் வெள்ளையுமாக விசிறி விரித்து நிற்கும் லயன் ஃபிஷ்ஷை ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு அங்கேயே நின்றுவிடும். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அது விஷமுள்ள மீன், வேட்டையாடும் மீன். இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்கினால் பத்து வருஷத்துக்கு மேல்கூட உங்களோடு இருக்கும். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்தில் மெரைன் டேங்க் (கடல் மீன் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் டேங்கில் நீமோ ஜோடி, டாம்செல், க்ளீனர் இறால் எல்லாம் இருக்கின்றன. அதில் ஒரு லயன் ஃபிஷ் விடலாமா?

வேண்டாம். நீங்கள் சொன்ன எல்லாமே அதற்கு இரை.

பலரும் முள்ளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், மற்ற மீன்களைக் குத்திவிடுமோ என்று. அந்த முள் தற்காப்புக்கு மட்டும்தான். அதை வைத்து அது வேட்டையாடுவதில்லை. முள் உங்கள் கைக்கு ஆபத்து, வாய்தான் உங்கள் மீன்களுக்கு ஆபத்து. தன் உடம்பில் பாதி நீளம் உள்ள மீனைக்கூட முழுசாக விழுங்கிவிடும். அதற்கேற்ப வயிறு விரிந்து கொடுக்கும்.

லாஸ்பேட்டையில் தெரிந்த தம்பி ஒருவர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பச்சை க்ரோமிஸ் கூட்டத்தோடு ஒரு லயன் ஃபிஷ் வைத்திருந்தார். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் அது கல் நிழலிலிருந்து மெல்ல வெளியே வந்தது. துரத்தவே இல்லை. பக்கத்துத் துடுப்புகள் இரண்டையும் அகல விரித்து, ஒரு க்ரோமிஸைக் கண்ணாடி மூலைக்கு ஒதுக்கிக்கொண்டே போனது. அப்புறம் அசையாமல் நின்றது. வாய் சட்டென்று முன்னால் நீண்டு திரும்பியது. அவ்வளவுதான், க்ரோமிஸ் இருந்த இடம் காலி. ஒரு சாண் தள்ளி நின்ற மற்ற மீன்கள்கூடக் கலையவில்லை. இந்த மாதிரி வீடுகளில் "தினமும் ஒரு மீன் காணாமல் போகிறது, செத்த உடம்பும் கிடைக்கவில்லை" என்று குழம்புவார்கள். குழம்ப ஒன்றுமே இல்லை.

கடையில் "இது குட்டி, எதையும் தொடாது" என்றார்களே?

விரல் நீளத்தில் வாங்கும்போது அது உண்மையாகத் தெரியும். ஆனால் அதிகமாக விற்கும் வாலிட்டன்ஸ் வகை முழு வளர்ச்சியில் 35 சென்டிமீட்டரைத் தாண்டும். நன்றாகச் சாப்பிடும் குட்டி மாதாமாதம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் வளரும். இன்றைக்குப் பக்கத்தில் நீந்தும் நீமோ ஆறே மாதத்தில் வாய்க்குள் போகும் அளவாகிவிடும். அது குணம் மாறியதால் அல்ல, வாய் பெரிதானதால். ஆகவே கூட வைக்கும் மீனை லயன் ஃபிஷ்ஷின் இன்றைய அளவோடு ஒப்பிடாதீர்கள், அது வளர்ந்து நிற்கப்போகும் அளவோடு ஒப்பிடுங்கள்.

அப்படியானால் எந்த மீன்களோடு வைக்கலாம்?

வாய்க்குள் போகாத, அதே சமயம் துடுப்பைக் கடிக்காத மீன்களோடு. பெரிய டாங், வளர்ந்த ஏஞ்சல், ஓரா மீன் வகையைச் சேர்ந்த ஃபாக்ஸ் ஃபேஸ் ஆகியவை சரிப்பட்டு வரும். ஃபாக்ஸ் ஃபேஸுக்கும் விஷமுள் உண்டு, அதையும் நினைவில் வையுங்கள்.

ட்ரிகர் ஃபிஷ்ஷும் பேத்தை மீனும் கூடவே கூடாது. லயன் ஃபிஷ் மெதுவாக நகரும். அதன் நீண்ட துடுப்புகளை இவை கொறித்துக்கொண்டே இருக்கும். கிழிந்த துடுப்பில் நோய் தொற்றி, பயத்தில் சாப்பாட்டையும் நிறுத்திவிடும். பெரிய களவா மீன் வகைகளோடு குட்டி லயன் ஃபிஷ்ஷை விட்டால் விழுங்கப்படுவது லயன் ஃபிஷ்ஷாகவும் இருக்கலாம்.

என் கருத்து இதுதான்: முதலில் லயன் ஃபிஷ்ஷுக்கென்று ஒரு டேங்க், பிறகு அதற்குத் தகுந்த இரண்டு மூன்று மீன்கள். ஏற்கெனவே நிறைந்திருக்கும் டேங்கில் கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மீன் இது இல்லை.

சின்ன வகை லயன் ஃபிஷ் உண்டா?

உண்டு. ஃபஸ்ஸி ட்வார்ஃப், ஸீப்ரா ட்வார்ஃப் என்று கேட்டுப் பாருங்கள். ஃபஸ்ஸி 15, 17 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், ஸீப்ரா அதைவிடச் சற்றுப் பெரிதாகும். 200 லிட்டர் டேங்க் போதும். வீட்டுக்கு இவைதான் பொருத்தம் என்பேன். ஆனால் விஷமுள் இவற்றுக்கும் உண்டு. சின்ன இறாலும் கோபியும் இவற்றுக்கும் இரைதான்.

வாலிட்டன்ஸ் வைக்க எவ்வளவு பெரிய டேங்க் வேண்டும்?

குறைந்தது 450 லிட்டர். உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம், உடம்பைத் திருப்பத் துடுப்போடு சேர்த்து இடம் வேண்டும். கழிவு அதிகம் என்பதால் டேங்க் அளவுக்குச் சொல்லியிருப்பதைவிடப் பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) போடுங்கள். தண்ணீர் மாற்றுவதை ஒரு வாரமும் தள்ளிப்போடாதீர்கள். முழு மீனை விழுங்குகிற மீன், அதற்கேற்ப அம்மோனியாவும் நைட்ரேட்டும் வரும்.

புதுச்சேரி நகரப் பகுதியில் பழைய வீட்டு மாடியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 450 லிட்டர் கடல் தண்ணீர் மட்டுமே 460 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட், சம்ப் (அடியில் வைக்கும் வடிகட்டுத் தொட்டி) எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டிவிடும். மரச்சட்டம் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் அந்த எடையை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தரைத்தளத்தில் வையுங்கள், முடியாவிட்டால் கட்டட எஞ்சினியரிடம் காட்டிவிட்டு வையுங்கள்.

விஷம் எந்த முள்ளில் இருக்கிறது?

முதுகில் 13, வயிற்றுத் துடுப்பில் 2, மலத்துவாரத் துடுப்பில் 3, ஆக 18 முட்களில். அழகாக விரிகிற பக்கத்துத் துடுப்புகளில் விஷம் இல்லை. ஒவ்வொரு விஷமுள்ளிலும் நீளவாக்கில் பள்ளம் இருக்கும், அதில் விஷத் திசு, மேலே மெல்லிய தோலுறை. முள் உங்கள் விரலில் ஏறும்போது உறை பின்னால் ஒதுங்கி விஷம் காயத்துக்குள் வழிகிறது. பாம்பு மாதிரி அதுவாகப் பீய்ச்சுவதில்லை. நாம் போய் அழுத்துவதால்தான் குத்துகிறது. செத்த மீனின் முள்ளும் குத்தும், அதனால் செத்துக் கிடந்தாலும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது.

குத்திவிட்டால் உடனே என்ன செய்வது?

இந்தப் பதிலை வீட்டில் இருக்கும் எல்லாரும் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் கையை வெளியே எடுத்து உட்காருங்கள். வலி கடுமையாக இருக்கும், தலைசுற்றும், நின்றுகொண்டிருந்தால் விழ நேரிடும். வெளியே தெரிகிற முள்துண்டை இடுக்கியால் எடுத்துவிட்டு, காயத்தைக் கழுவுங்கள். மோதிரம் இருந்தால் வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் சுடுதண்ணீர். இந்த விஷம் புரதம், சூட்டில் வீரியம் இழக்கும். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடுள்ள தண்ணீரில் கையை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும், ஆறினால் மாற்ற வேண்டும். வலியிலும் மரத்துப்போவதிலும் குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. விஷத்தோடு தீப்புண்ணும் சேர்ந்துவிடும். அதனால் சூட்டைத் தெர்மாமீட்டரில் பாருங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் தன் கையை விட்டுப் பார்க்கட்டும். ஒரு பங்கு கொதிநீரில் நாலு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய இந்தச் சூடு வரும். ஆனால் மே மாதத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருவதே சூடாக இருக்கும் என்பதால், தெர்மாமீட்டர் இல்லாமல் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். கெளுத்தி முள், திருக்கை முள் குத்தினாலும் இதே சுடுதண்ணீர் முதலுதவிதான்.

கயிறு கட்டக் கூடாது. கீறி ரத்தம் எடுக்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. ஐஸ் வைக்கவும் வேண்டாம்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், நிற்காத வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108. புதுச்சேரியில் ஜிப்மர், கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை என்று எது பக்கமோ அங்கே போங்கள். குழந்தைக்கோ இதய நோயாளிக்கோ குத்தியிருந்தால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமலே போய்விட வேண்டும். "விஷமுள்ள கடல் மீன், லயன் ஃபிஷ் குத்தியது" என்று தெளிவாகச் சொல்லுங்கள், முடிந்தால் போனில் படத்தைக் காட்டுங்கள். பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. லயன் ஃபிஷ்ஷுக்கென்று தனி மருந்தும் கிடையாது. வலி குறைப்பது, உள்ளே முள் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, டெட்டனஸ் ஊசி, தொற்று வராமல் பார்ப்பது, இவைதான் சிகிச்சை. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர் இதனால் இறப்பது மிக அரிது. ஆனால் வலி மணிக்கணக்கில் நீடிக்கும், வீக்கம் நாள்கணக்கில்கூட இருக்கும்.

வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான். வைக்கலாமா?

பூட்டக்கூடிய மூடி, கை எட்டாத உயரம் இரண்டும் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் அவன் வளரும் வரை பொறுத்திருங்கள்.

டேங்க் கழுவும்போது கையை விடலாமா? மீனை எப்படிப் பிடிப்பது?

கைவிடும் வேலை எதுவாக இருந்தாலும், மீன் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பை இறக்கி மீனை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைச் சுத்தம் செய்யலாம். பாசி துடைக்கக் காந்த க்ளீனர் போதும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: உங்கள் கையிலிருந்துதான் சாப்பாடு வருகிறது என்று பழகிய மீன், கையைப் பார்த்ததும் கிட்டே வரும். அது பாசம் மாதிரித் தெரியும், பலருக்கு முள் குத்துவது அந்த நேரத்தில்தான்.

பிடிக்க வலை வேண்டாம். முள் வலையில் சிக்கும், விடுவிக்கப் போய் விரலில் ஏறும். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் ஜாடியைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, ஒரு குச்சியால் பின்னாலிருந்து மெல்ல உள்ளே அனுப்பினால் போதும், தண்ணீரோடு அப்படியே தூக்கிவிடலாம். சென்னை கொளத்தூரில் வாங்கி ஈ.சி.ஆர். வழியாகக் கொண்டுவருபவர்கள் வெறும் கவரில் வாங்காதீர்கள், முள் கவரைக் கிழிக்கும். மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டு, அதைத் தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு வரவே கூடாது.

என்ன சாப்பாடு, எவ்வளவு?

லயன் ஃபிஷ் வளர்ப்பில் பாதி வேலை இதுதான். வந்த புதிதில் அசையாததை இரையாகவே மதிக்காது. சின்ன உயிருள்ள இறாலில் தொடங்குங்கள். அது பழகியதும் செத்த இறாலை ஒரு நீளக் குச்சியின் நுனியில் செருகி, மீனின் கண்ணுக்கு முன்னால் மெல்ல ஆட்டுங்கள். நுனி மழுங்கிய அக்ரிலிக் குச்சி நல்லது. பச்சைத் தென்னை ஈர்க்கும் நன்றாக வளைந்து ஆடும், கூர்முனையை வெட்டிவிட வேண்டும். மீன் குச்சியையே உற்றுப் பார்த்தபடி மெல்ல நெருங்கி வந்தால் பாதி வென்றாயிற்று. சில நாளிலும் பழகும், சில மீன் மூன்று நான்கு வாரமும் எடுக்கும்.

கடற்கரையில் இருப்பதன் பெரிய வசதி இங்கேதான். தேங்காய்த்திட்டிலோ கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ காலையில் வந்த இறால், கடம்பா, சின்னச் சாளை எது கிடைத்தாலும் வாங்கிக் கழுவி, வேளைக்கு ஒன்றாகப் பிரித்து ஃப்ரீஸரில் வைத்துக்கொள்ளலாம். மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே இரையை மாதக்கணக்கில் போட்டால் வைட்டமின் குறைபாடு வரும். கப்பி, கோல்ட் ஃபிஷ் போன்ற நன்னீர் மீன்களைத் தினசரி உணவாக்க வேண்டாம். அவற்றின் கொழுப்பு கடல் மீனுக்கு ஒத்துவராது, ஈரலைக் கெடுக்கும்.

வளர்ந்த மீனுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை போதும், குட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். அது எப்போதும் பசித்த மாதிரியே கண்ணாடி ஓரத்தில் வந்து நிற்கும். இரங்கிப்போய்த் தினமும் போடாதீர்கள். வீடுகளில் சாகும் லயன் ஃபிஷ்களில் பட்டினியால் சாவதைப் போலவே அதிகச் சாப்பாட்டால் ஈரலில் கொழுப்பேறிச் சாவதும் உண்டு.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கடையில் உங்கள் கண்ணெதிரே ஒருமுறை சாப்பிட வைக்கச் சொல்லுங்கள். சாப்பிடாவிட்டால் வாங்காதீர்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், வயிறு உள்ளே ஒட்டியிருக்கக் கூடாது, மூச்சு வேகமாக வாங்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நான்கிலிருந்து ஆறு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். பெரும்பாலும் கடலில் பிடித்த மீன்தான், வெண்புள்ளி நோயும் ஒட்டுண்ணியும் கூடவே வரலாம்.

மேல்தோல் படலம் படலமாக உரிகிறது. நோயா?

பெரும்பாலும் இல்லை. லயன் ஃபிஷ் அவ்வப்போது மேற்படலத்தை உரித்துக்கொள்ளும். மங்கலாகி, உடம்பை உதறி, படலம் போனதும் நிறம் பளிச்சென்று வரும். ஆனால் அடிக்கடி உரிந்தால் தண்ணீரைச் சோதியுங்கள்.

பவழம், அனிமோன் இருக்கிற டேங்கில்?

பவழத்தை அது தின்னாது. இறாலையும் சின்ன நண்டையும் தின்னும். கார்ப்பெட் அனிமோன் (கொட்டும் இழைகள் உள்ள கடல் உயிர்) பக்கத்தில் வைக்காதீர்கள், மாட்டிக்கொண்டால் லயன் ஃபிஷ்ஷே போய்விடும். இன்னொன்று, நம் கடலில் பவழமும் கடல் விசிறியும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. "கடலில் எடுத்த லைவ் ராக்" (உயிர்கள் ஒட்டிய பவழக் கல்) என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். பீங்கான் கல்லோ, காய்ந்த செயற்கைக் கல்லோ போதும். லயன் ஃபிஷ்ஷுக்கு வேண்டியது ஒதுங்க ஒரு நிழல்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றலாமா?

கரையோரத் தண்ணீர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது கரையோரத்தில் உப்பு சரசரவென்று இறங்கும், கூடவே சேறும் ஊர்க்கழிவும். தேவனாம்பட்டினத்தில் குடத்தில் மொண்ட தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கலாம், அது போதாது. ஆர்.ஓ. தண்ணீரில் மெரைன் உப்புக் கலந்து, அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயில், புயல், கரண்ட் கட். எப்படிச் சமாளிப்பது?

22 முதல் 27 டிகிரி வரை அதற்கு வசதி. மே மாதம் இங்கே டேங்க் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போய்விடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். சில்லர் வாங்க முடிந்தால் நல்லது, முடியாதவர்கள் மூடியைக் கம்பிவலையாக மாற்றி, தண்ணீர்ப் பரப்பில் படும்படி ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறியபோதும் புதுச்சேரி வெள்ளத்தில் தவித்தது. கார்த்திகை, மார்கழி என்றால் டேங்க் வைத்திருப்பவர் தயாராக இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இரண்டு, பவர்ஹெட்டுக்கு (தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்) இன்வெர்ட்டர் இணைப்பு, கலந்து வைத்த உப்புத் தண்ணீர், இவை கையில் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்த லயன் ஃபிஷ்ஷுக்கு ஆக்சிஜனும் அதிகம் வேண்டும், கழிவும் அதிகம் வரும். வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் தாங்கும்.

ஸ்டோன் ஃபிஷ்ஷும் வளர்க்கலாமா?

அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கல்லோடு கல்லாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. லயன் ஃபிஷ்ஷைவிட விஷம் பல மடங்கு கடுமை. அதற்கான விஷமுறிவு மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. நம் ஊர் மருத்துவமனையில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெரிதாகிவிட்டது, வைத்துக்கொள்ள முடியவில்லை. இங்கே கடலில்தான் இருக்கிறதே, கொண்டுபோய் விட்டுவிடலாமா?

கூடாது. புதுச்சேரிக்கு அப்பால் முக்குளிப்பவர்கள் லயன் ஃபிஷ்ஷைப் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான், இது நம் கடலுக்கு அந்நியமான இனம் இல்லை. ஆனால் உங்கள் மீன் எந்தக் கடலில் பிடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதே வகைதானா என்பதும் சந்தேகம். டேங்கில் மற்ற ஊர் மீன்களோடு இருந்து வாங்கிய நோயையும் அது சுமந்து போகும். அமெரிக்காவில் புளோரிடா கடலில் 1985இல் ஒரு லயன் ஃபிஷ் பிடிபட்டது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவைதான் அங்கே அதற்கு மூலம் என்று கருதுகிறார்கள். இன்றைக்குக் கரீபியன் கடல் முழுக்கப் பரவி, பவழப்பாறை மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கின்றது.

வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெரிய டேங்க் வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது டப்பாவின் மேல் "விஷமுள்" என்று பெரிதாக எழுதி ஒட்டி, எதைச் சாப்பிடுகிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.